மணி அடித்தும் விழுந்தார்: முதியோர் இல்லம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கட்டிலை விட்டு எழுந்தால் ஒலிக்கும் அலாரம் அன்று சரியாகத்தான் வேலை செய்தது. அதிகாலை 4.25-க்கு அடித்தது. இரவு ட்யூட்டியில் இருந்த அக்கா அந்த நேரத்தில் மூன்று அறை தள்ளி ஓர் ஐயாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தார். ஒருக்களித்துப் படுத்திருப்பவரைப் பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாது, உருண்டுவிடுவார். அவரை மல்லாக்கத் திருப்பி, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது, எங்கள் இல்லத்தில் தங்கியிருக்கும் அந்த அம்மா கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் கிடந்தார். தலைமாட்டில் அலாரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் எங்களிடம் வந்த பிறகு விழுந்தது அது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறை விழுந்ததால்தான் அந்த அலாரத்தையே மாட்டியிருந்தோம்.

கோவைக்கு வெளியே உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நான் செவிலியர் பொறுப்பாளராக வேலை பார்க்கிறேன். முழுநேரக் கவனிப்பு தேவைப்படும் 22 பேர் எங்கள் பிரிவில் இருக்கிறார்கள். இரவில் இரண்டு பேர் ட்யூட்டி. இது அந்த அம்மாவைப் பற்றிய ஆய்வு. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 81. எடை 41 கிலோ. மறதி நோய் நடுத்தர நிலையில் இருந்தது. மகனை அடையாளம் தெரியும், பேரனின் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. ரத்தக் கொதிப்புக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. அதிலேயே நீர் போக வைக்கும் மருந்தும் கலந்திருந்தது. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, இரண்டு வருடமாக. யார் எழுதிக்கொடுத்தது, எதற்காக இவ்வளவு நாள் நீடித்தது என்று வீட்டில் யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. இடது கண்ணில் புரை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வாக்கர் கொடுத்தால் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு நடப்பார்.

கணவர் பஞ்சாலைத் தொழிலாளி. மில்லுக்குப் பக்கத்தில் லைன் வீட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் குடியிருந்தவர்கள். கணவர் இறந்த பிறகு வீட்டில் ஒருமுறை விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மகன் வெளிநாட்டில் இருப்பதால் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

முதல் மூன்று வாரத்தில் இரண்டு முறை விழுந்தார். இரண்டும் விடியற்காலையில். இரண்டாவது முறை அலமாரியின் முனை பட்டு நெற்றிக்கு மேலே நான்கு தையல். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரியும்வரை எனக்கு உயிர் என்னிடம் இல்லை.

மகன் அன்றிரவு போனில் பேசினார். "கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் கம்பி போட்டுடலாமுங்களா சிஸ்டர்? ராத்திரி மட்டும் லேசா கட்டிவெச்சாக்கூடப் பரவாயில்லைங்க." சொல்லி முடிக்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. அம்மாவைக் கட்டிவைக்கச் சொல்லும் நிலைக்கு ஒரு பிள்ளை வருகிறான் என்றால் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்.

கட்டுவதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பிக்கும்தான். எழ வேண்டும் என்று மனதில் இருப்பவர் கம்பியைப் பார்த்து நிற்க மாட்டார், அதன்மேல் ஏறுவார். அப்போது விழுவது கட்டிலின் உயரத்திலிருந்து இல்லை, கம்பியின் உயரத்திலிருந்து. இடுக்கில் தலையோ கையோ சிக்கிக்கொள்ளும் ஆபத்து வேறு. இதையெல்லாம் சொன்னதும், "அப்போ அலாரம் ஏதாவது?" என்று கேட்டார். சரி என்றேன். அந்த நேரத்தில் எனக்கும் அதுவே நல்ல வழியாகத் தெரிந்தது.

கருவி என்ன செய்கிறது

நாங்கள் வாங்கியது கட்டில் பேட். மெத்தைக்கு மேலே, விரிப்புக்கு அடியில், இடுப்பு வரும் இடத்தில் போடும் நீளமான பட்டை. மேலே எடை இருக்கும்வரை பேசாமல் இருக்கும். எடை நீங்கினால் ஓரிரு நொடியில் கட்டிலில் மாட்டிய பெட்டி ஒலிக்கும். நர்ஸிங் ஸ்டேஷனில் இருக்கும் பேஜர் என்ற சின்ன அழைப்புக் கருவியும் ஒலிக்கும். இதே வேலைக்கு வேறு வகைகளும் உண்டு: சட்டையில் கிளிப் மாட்டி, கயிறு இழுபட்டால் ஒலிப்பது, கட்டிலோரம் தரையில் போடும் மிதியடி, அகச்சிவப்புக் கதிரால் நடமாட்டத்தைக் கண்டுபிடிப்பது. கேமராவும் இருக்கிறது. உடை மாற்றும் அறையில் கேமரா வேண்டாம் என்று நாங்கள் ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தோம்.

மாட்டிய முதல் வாரம் இரவெல்லாம் அலாரம்தான். 41 கிலோ உடம்பு. புரண்டு படுத்தாலே பேட் அவரை மறந்துவிடும். ஓடிப் போய்ப் பார்த்தால் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது சத்தத்தில் விழித்து மிரண்டு பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து அறையில் இருப்பவர்கள் எழுந்துகொண்டார்கள். பத்து முறை வெறுமனே அடித்த மணிக்குப் பதினோராவது முறை யாரும் அதே வேகத்தில் ஓட மாட்டார்கள். இதற்கு இரவு ட்யூட்டிக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மனிதக் காது அப்படித்தான் பழகும்.

இதைவிட என்னைக் கலங்க வைத்தது இன்னொன்று. இரண்டாவது வாரத்தில் சில இரவுகளில் அலாரம் அடிக்கவே இல்லை. நல்லது என்று நினைத்தோம். காலையில் விரிப்பு நனைந்திருந்தது. அதுவரை ஒரு நாள்கூடப் படுக்கையில் சிறுநீர் போகாதவர். பகலில் மெதுவாகக் கேட்டபோது, "அசைஞ்சா கத்துது கண்ணு" என்றார். அசையக் கூடாது என்று படுத்திருக்கிறார். கம்பியும் கயிறும் வேண்டாம் என்று வீரமாகச் சொன்ன நான், சத்தத்தால் அவரைக் கட்டிப் போட்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அதிகாலையில்தான் மூன்றாவது முறை விழுந்தார். இடுப்பில் பெரிய ரத்தக்கட்டு, எக்ஸ்ரேயில் முறிவு இல்லை.

அன்று மதியம் அவர் அறையில் நானே படுத்துப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்தபோது பேட் ஒலிக்கவில்லை. கட்டில் விளிம்புக்கு நகர்ந்தபோதும் ஒலிக்கவில்லை. இடுப்பு மெத்தையை விட்டு மேலே வந்த பிறகுதான் ஒலித்தது. அதாவது மணி அடிக்கும்போது அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். ஸ்டேஷனிலிருந்து வேகமாக நடந்தால் அந்த அறைக்கு 35 நொடி. நின்றவர் தடுமாற இரண்டு மூன்று நொடி போதும். கையில் வேறு வேலையே இல்லாமல் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாலும் அக்காவால் அன்று பிடித்திருக்க முடியாது.

மற்றவர்கள் ஏற்கெனவே கண்டது

அந்த வாரம்தான் உட்கார்ந்து படித்தேன். மாட்டுவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகர மருத்துவமனை ஒன்றில் 16 வார்டுகளைச் சீட்டுக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது. 27,672 நோயாளிகள். ஒரு பாதி வார்டுகளில் கட்டில், நாற்காலி அலாரங்களைப் பயன்படுத்தச் சொல்லிப் பயிற்சியும் ஊக்கமும் கொடுத்தார்கள். அங்கே அலாரப் பயன்பாடு பல மடங்கு கூடியது. விழுவது குறையவில்லை. ஒருவர் ஒரு நாள் தங்குவதை ஒரு நோயாளி-நாள் என்று கணக்கிட்டால், 1000 நோயாளி-நாட்களுக்கு அலார வார்டுகளில் 5.62 முறை விழுந்தார்கள், மற்றவற்றில் 4.56 முறை. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது, அதனால் அலாரம் கெடுதல் செய்தது என்று சொல்ல முடியாது. பலன் தெரியவில்லை என்று சொல்லலாம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் முதியோர் வார்டுகளில் 1,839 பேரிடம், கட்டிலிலும் நாற்காலியிலும் பேட், செவிலியர் கையில் பேஜர் என்று எங்களைப் போலவே செய்து பார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவும் அதேதான். இரண்டும் மருத்துவமனைகள். முதியோர் இல்லத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மருத்துவமனையில் இரவில் எங்களைவிட ஆள் அதிகம்.

அமெரிக்க முதியோர் இல்லங்களின் கதை எனக்கு நெருக்கமாகப் பட்டது. (அங்கே நர்ஸிங் ஹோம் என்றால் நம் ஊரில் சொல்வதுபோலச் சின்ன தனியார் மருத்துவமனை இல்லை, முதியவர்கள் தங்கும் இல்லம்.) 1987-இல் வந்த சட்டம் முதியவர்களை நாற்காலியிலும் கட்டிலிலும் கட்டிவைப்பதைக் கட்டுப்படுத்தியது. கயிறு போன இடத்தில் மெல்ல மெல்ல அலாரம் வந்து உட்கார்ந்தது. முப்பது வருடம் கழித்து, 2017 நவம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு வழிகாட்டுதல், இந்த அலாரங்களையும் கட்டுப்படுத்தும் சாதனமாகக் கருத இடம் உண்டு என்றது. எப்போது? மணி அடித்துவிடுமோ என்று பயந்து அந்த முதியவர் அசையாமல் இருந்தால். படித்ததும் நனைந்த விரிப்பு ஞாபகம் வந்தது.

அப்புறம் கனடா. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தினர் 130 பேர் விழுந்த 227 நிகழ்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2013-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 41 சதவீதம் உடல் எடையைத் தவறாக மாற்றியதால் நடந்தவை: திரும்பும்போது, சாயும்போது, உட்காரும்போது, எழும்போது. கால் தடுக்கியது 21 சதவீதம். வழுக்கி விழுந்தது வெறும் 3 சதவீதம். எங்கள் இல்லத்தில் யார் விழுந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்போம், ஈரமா, சோப்பா என்று. திரும்பிய விதத்தை யாரும் பார்த்ததில்லை.

எண்பது பக்க நோட்டு

பேட்டைக் கழற்றிவிடலாம் என்று சொன்னபோது இரவு ட்யூட்டி அக்காதான் தடுத்தார். "சத்தத்த மட்டும் நிறுத்துங்க சிஸ்டர். எப்ப எந்திரிக்கறாங்கன்னாவது தெரியட்டும்." இந்த ஆய்வில் சொல்லும்படி ஏதாவது இருக்கிறதென்றால் அது அந்த வாக்கியத்திலிருந்து வந்தது.

அறையில் இருந்த பெட்டியின் ஒலியை நிறுத்தினோம். பேஜரை அதிர்வுக்கு மாற்றி அக்காவின் இடுப்பில் மாட்டினோம். ஒரு கோடு போட்ட நோட்டில் மூன்று விஷயம் மட்டும் எழுதச் சொன்னேன்: மணி என்ன, போனபோது என்ன செய்துகொண்டிருந்தார், என்ன சொன்னார்.

பதினான்கு இரவுகளின் பக்கங்களை ஒருநாள் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தோம். இரவு 11 முதல் 12 வரை வந்தவை பெரும்பாலும் புரண்டு படுத்தவை. 1.45 முதல் 2.30-க்குள் ஏறக்குறைய எல்லா இரவும் சிறுநீருக்கு எழுந்திருக்கிறார். அடுத்தது 4.15 முதல் 4.45 வரை. அந்த நேரத்தில் எழுந்தபோதெல்லாம் கழிப்பறைப் பக்கம் போகவில்லை. எதிர்ப்பக்கம், சுவரும் அலமாரியும் இருக்கும் இடது பக்கமாகத் திரும்பியிருக்கிறார். மூன்று முறை விழுந்ததும் அந்த இடத்தில், அந்த நேரத்தில்.

என்ன சொன்னார் என்ற பத்தியில் அக்கா எழுதியிருந்தது: "சங்கு ஊதிருச்சு கண்ணு. அவருக்குப் போசி கட்டோணும்." இதே பொருளில் ஐந்து இரவுகள்.

மகனிடம் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட் என்றார். விடியற்காலை மில் சங்கு ஊதியதும் அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, தூக்குப் போசியில் சோறு கட்டிக் கொடுப்பார். லைன் வீட்டில் கட்டிலுக்கு இடது பக்கம்தான் அடுப்படி.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சத்தத்தை நிறுத்துவதற்கு முன், நாங்கள் மாட்டிய அலாரம் அவர் காதில் சங்காக விழுந்திருக்க வேண்டும். அவர் எழுந்ததும் அது ஊத, நேரமாகிவிட்டது என்று பதறி வேகமாகத் திரும்பியிருப்பார். முதல் இரண்டு முறை அலாரம் இல்லாமலே விழுந்தார் என்பது உண்மைதான். மூன்றாவது முறை அந்தச் சத்தமும் சேர்ந்துகொண்டது என்றே நம்புகிறேன்.

நோட்டு எங்கள் தவறையும் காட்டியது. எங்கள் டயப்பர் ரவுண்டு தினமும் 4.15-க்கு. அவர் எழும் நேரத்தில் சொல்லிவைத்தாற்போல் இரண்டு பேரும் வேறு அறைகளில் இருந்திருக்கிறோம்.

ஒருநாள் அதிகாலை 4.20-க்கு நானே போய் ரத்த அழுத்தம் பார்த்தேன். படுத்திருக்கும்போது 148/82. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 116/70. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது விதி. இவருக்கு 32 குறைந்திருந்தது. பகலில் உட்கார வைத்து மட்டுமே பார்த்து, நார்மல் என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

மாற்றியவை

மருத்துவர் மாத்திரைகளைப் பார்த்தார். நீர் மருந்து கலந்த மாத்திரை காலைக்குப் போனது. அளவும் குறைந்தது. தூக்க மாத்திரையை ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இதை யாரும் வீட்டில் தானாகச் செய்யக் கூடாது, வெடுக்கென்று நிறுத்தினால் வேறு ஆபத்து உண்டு.

கட்டிலைத் திருப்பிப் போட்டோம். இப்போது இடது பக்கம் இறங்கினால் எதிரே காலி இடமும் கைப்பிடியும். அலமாரி அறையை விட்டே போய்விட்டது. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும் அளவுக்குக் கட்டில் உயரத்தைக் குறைத்தோம். கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன விளக்கு. கால் கீழே வந்தால் நடமாட்டத்தை உணர்ந்து மஞ்சள் வெளிச்சம் தரும், சத்தம் கிடையாது. எங்களிடம் இருக்கும் சென்சார்களில் நான் மனதாரப் பாராட்டுவது இந்த ஒன்றைத்தான். தேய்ந்த ரப்பர் செருப்புக்குப் பதில் பின்பக்கம் வார் வைத்த செருப்பு. நைட்டியின் கீழ் விளிம்பை மூன்று விரல் மடித்துத் தைத்தோம்.

பிசியோதெரபிஸ்ட் தினமும் இரண்டு வேளை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி கொடுத்தார். வேண்டாம் என்பார். "வாங்கம்மா, வாசல்ல யாரு வந்திருக்காங்கன்னு பாத்துட்டு வரலாம்" என்றால் உடனே எழுவார்.

டயப்பர் ரவுண்டை 3.15-க்கு மாற்றினோம். இரவு 1.30-க்கு அக்காவே எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவார். 4.10-க்கு அறைக்குப் போய்ப் படுத்தபடியே பாதங்களை அசைக்கச் சொல்வார், இரண்டு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார வைப்பார், பிறகு கையைப் பிடித்து எழுப்பி ஜன்னலோர நாற்காலிக்கு நடத்திப் போவார். சமையலறை அக்கா நாலு மணிக்கே வந்துவிடுவதால் ஒரு காபி. மகன் ஊரிலிருந்த உறவினரிடம் சொல்லிப் பழைய தூக்குப் போசியைக் கொடுத்தனுப்பினார். ஒரு பக்கம் நசுங்கிய எவர்சில்வர் போசி. அதை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருப்பார்.

மறதி நோயாளியை ஏமாற்றுவதாகாதா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். நான் அப்படிப் பார்க்கவில்லை. கணவர் ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கிறார் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. போசியைக் கையில் கொடுத்தோம், அவ்வளவுதான்.

பலனும் அதன் எல்லையும்

ஆறு வாரம் கழித்துப் பேட்டை எடுத்துவிட்டோம். இந்த மாற்றங்களுக்குப் பிந்திய நான்கு மாதத்தில் ஒருமுறை விழுந்தார், பகலில், சாப்பாட்டு மேசையில் நாற்காலியைப் பின்னால் தள்ளும்போது. காயம் இல்லை. படுக்கையை நனைப்பது நின்றது. நிற்கும்போது ரத்த அழுத்தம் குறைவது 12 அளவுக்கு வந்திருக்கிறது.

இதில் எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரை, கட்டில், காபி, ரவுண்டு நேரம் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றினோம். புது இடம் பழகிப்போனதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே ஒருவரின் கதை இது. ஆனால் இப்படி ஒவ்வொருவருக்கும் காரணம் தேடி, அதற்கேற்பச் செய்யும் முறையை இங்கிலாந்தில் 84 முதியோர் இல்லங்களில், 1,657 பேரிடம் சோதித்திருக்கிறார்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தியது, 2021-இல் வெளியானது. ஊழியர்களுக்குப் பயிற்சி, கையில் ஒரு கேள்விப் பட்டியல், ஒவ்வொரு ஆபத்துக்கும் என்ன செய்யலாம் என்ற குறிப்பு. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை விழுவது 43 சதவீதம் குறைவாக இருந்தது. அலாரம் பலன் தராததைக் கண்ட அதே ஊரிலிருந்து இந்த முடிவும் வந்தது எனக்குத் தெம்பாக இருந்தது.

ஆள் பற்றாக்குறையை நோட்டு தீர்க்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 4.10-க்கு ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும் என்றால் அந்த ஒருவர் இருக்க வேண்டும். ஒரு அக்கா லீவு போட்டால் எங்கள் ஏற்பாடு ஆட்டம் காண்கிறது. பேட் ஒன்றை வாங்கித் தர முன்வரும் குடும்பங்களும் நிர்வாகங்களும் அதே மனதோடு இரவு ட்யூட்டிக்கு மூன்றாவது ஆளுக்குச் சம்பளம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

சேர்க்கைப் படிவத்தில் இரண்டு வரி கூட்டியிருக்கிறோம். வீட்டில் எத்தனை மணிக்கு எழுவார், எழுந்ததும் முதலில் என்ன செய்வார். கட்டிலின் எந்தப் பக்கம் இறங்குவார். புதிதாக வருபவருக்கு முதல் மூன்று நாளில் படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்கிறோம், அதில் ஒன்று விடியற்காலையில். அம்மாவின் இடது கண் புரைக்கு அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கியிருக்கலாம்.

பேட் இப்போது ஒன்பதாம் எண் அறையில் இருக்கிறது, ஒலி இல்லாமல், பதினான்கு நாளுக்கு மட்டும். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பக்கத்தில் புது நோட்டு. முதல் பக்கத்தில் அக்காவின் கையெழுத்து: "2.50. கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தார். வண்டி சாவி கேட்டார்."